உறைபனில ஹேண்ட்பிரேக் ரிலீஸ் ஆகல, லீவர் இறங்குது ஆனா இடது பின்வீல் சுத்தல, என்னவா இருக்கும்?

கேட்டவர்:
வணக்கம் மக்களே. மேனுவல் கியர் வேன், முன்வீல் டிரைவ், பின்னாடி ரெண்டும் டிரம் பிரேக். குளிர் மைனஸ்ல போக ஆரம்பிச்சதுல இருந்து இந்த ரோதனை. நைட்டு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திட்டு காலைல எடுத்தா லீவர் சாதாரணமா கீழ இறங்குது, டேஷ்போர்டுல சிவப்பு லைட்டும் அணைஞ்சிடுது, சரி விட்டுருச்சுன்னு கிளட்ச்ச விட்டா வண்டி நகராம பின்பக்கம் அமுங்குது, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் சேர்த்துக் குடுத்தா இடது பின்வீல் சுத்தாம அப்படியே தேய்ச்சுக்கிட்டு வருது. வெயில் ஏறினப்புறம் எடுத்தா ஒரு பிரச்சனையும் இல்ல, அதான் மண்டை காயுது. ஒருத்தர் டிரம்முக்குள்ள அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவ மாத்துங்கறார், இன்னொருத்தர் லீவர்ல இருந்து வீலுக்குப் போற கேபிளுங்கறார். எதையும் வாங்குறதுக்கு முன்னாடி எதுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

பதில் 1:
ப்ரோ, ஷூ டிரம்மோட ஒட்டிருக்கும். ஈரத்துல ஓட்டிட்டு வந்து ஹேண்ட்பிரேக்க இறுக்கிப் போட்டா நடுவுல இருக்குற தண்ணி உறைஞ்சு பிடிச்சுக்கும். ரிவர்ஸ் ஒரு தடவ, ஃபர்ஸ்ட் ஒரு தடவன்னு மெதுவா ஆட்டுங்க, டக்குனு விட்டுரும். விடலன்னா டிரம் மேல கொதிக்கிற தண்ணி ஊத்துங்க.

பதில் 2:
கொதிக்கிற தண்ணி வேணவே வேணாம்ங்க. அந்த நேரத்துக்கு விடும், ஆனா ஊத்துன தண்ணி டிரம்முக்குள்ளயும் கேபிள்லயும் இறங்கி மறுநாள் இன்னும் கெட்டியா உறையும், குளிர்ந்து கிடக்குற வார்ப்பிரும்பு மேல திடீர்னு சூடு பட்டா விரிசல் விடவும் சான்ஸ் இருக்கு. புளோ டார்ச் மாதிரி நெருப்பு கிட்டயே கொண்டு போகாதீங்க, பக்கத்துலயே ரப்பர் பிரேக் ஹோஸ் இருக்கு.

அப்புறம் அந்த சிவப்பு லைட்ட நம்பாதீங்க. ஹேண்ட்பிரேக்குக்குன்னு அந்த லைட்டுக்கு சுவிட்ச் இருக்கறது லீவர் அடில, வீல் கிட்ட இல்ல. லீவர் இறங்கிச்சான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் சொல்லுங்க, ஜாம் ஆன நேரத்துல லீவர தூக்கிப் பாத்தீங்களா? வழக்கம் போல இறுக்கமா வருதா, இல்ல பாதி தூரம் வரைக்கும் வெயிட்டே இல்லாம வருதா?

கேட்டவர்:
ஆமா அண்ணே, முதல் சில கிளிக் லொடலொடன்னு வருது! மத்தியானம் அப்படி இல்ல.

பதில் 2:
அப்ப என் கணக்கு கேபிள்தான், ஆனா அத மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. ஜாம் ஆகி இருக்கும்போதே காலைலயே பாக்கணும், உருகினப்புறம் மெக்கானிக் கிட்ட கொண்டு போனா வீல சுத்திப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு அனுப்பிருவார்.

சமதளத்துல நிறுத்தி ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு முன்வீல் ரெண்டுக்கும் கட்டை குடுங்க. பின்னாடி தூக்கினா ஸ்டாண்ட் வைங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடில போகாதீங்க. லீவர இறக்கிட்டு, ஒரு கேபிள் ரெண்டாப் பிரியற இடத்துல ரெண்டு பக்கமும் சமமா இழுக்குற ஈக்வலைசர் பட்டை இருக்கும் பாருங்க, அது ஒரு பக்கமா சாஞ்சு இடது கேபிள் மட்டும் தொளதொளன்னு கிடந்தா, அந்த கேபிளோட உள்கம்பி வெளி உறைக்குள்ள எங்கயோ பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம்.

உறுதி பண்றதுக்கு ஹேர் டிரையர் போதும். டிரம்ம தொடாம கேபிளோட வெளி உறைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சூடு பண்ணிக்கிட்டே வாங்க, முக்கியமா தொங்கி வளையுற இடம், தண்ணி அங்கதான் தேங்கும். அதுலயே வீல் விட்டா கேபிள். உறை முழுக்க வெதுவெதுப்பாகி, உள்கம்பி கையால இழுத்தா வழுக்கிட்டுப் போகுது, ஆனா வீல் அசையலன்னா அப்ப ஷூ, டிரம்ம கழட்டித்தான் ஆகணும். ரெண்டையும் ஒரே நேரத்துல சூடு பண்ணிட்டா எதுனால விட்டுச்சுன்னே தெரியாது.

பதில் 3:
இதுல சேர்த்துக்கறேன், அதுவரைக்கும் நைட்டு ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு கட்டை குடுங்க, சரிவுல நிறுத்தவே நிறுத்தாதீங்க. லூஸா இருக்கும்போதே கேபிள் உறைஞ்சா மறுநாள் போட்டாலும் அந்த வீல் பிடிக்காது, அதையும் மனசுல வச்சுக்கங்க. தேய்ச்சுக்கிட்டே ஓட்டுறது மட்டும் கூடாது, டிரம் சூடேறி ஷூ மேல ஒட்டியிருக்குற லைனிங் கழண்டு வந்துரும், பிரேக் ஆயில் கொதிச்சா கால் பிரேக்கும் போயிரும்.

கேட்டவர்:
பாத்துட்டேன்! பட்டை நல்லாவே சாஞ்சு இருந்துச்சு. டிரையர வச்சுக்கிட்டே வந்தேன், ஆக்சிலுக்கு மேல வளையுற இடத்துல காட்டிட்டு இருக்கும்போதே கேபிள் சர்ருனு இழுத்துக்கிச்சு, வீல் கையால சுத்துது. உறை முனைல இருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு, கேபிள வளைச்சா துருத்தண்ணி சொட்டுது. இதுல ஆயில் விட்டு சமாளிக்கலாமா?

பதில் 2:
கொஞ்ச நாள் ஓடும். ஆனா பூட் கிழிஞ்சிருக்குற வரைக்கும் தண்ணி உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும், உள்கம்பி துருப்பிடிச்சிருச்சுன்னா குளிர் இல்லாத நாள்லயும் மாட்டும். கிரீஸ அடைக்காதீங்க, குளிர்ல அது கெட்டியாகி இன்னும் மோசம். கேபிள மாத்துங்க, மாத்தும்போது ஷூ அட்ஜஸ்ட்மென்ட்ட முதல்ல பண்ணிட்டு கேபிள் டென்ஷன கடைசில வைங்க. கேபிள முறுக்கி ஷூவ சரிக்கட்டினா லீவர் இறங்கினாலும் லேசா உரசிக்கிட்டே இருக்கும்.

பதில் 4:
எனக்கும் இதே கதைதான், ஆனா பின்னாடி டிஸ்க். இதே டெஸ்ட் வேலை செய்யுமா?

பதில் 2:
கேபிள் வரைக்கும் அதே டெஸ்ட்தான். உங்க வண்டில கேபிள் நேரா கேலிப்பர்ல (டிஸ்க்க கவ்விப் பிடிக்கிற பாகம்) இருக்குற சின்ன கைய இழுக்குதுன்னா, ஒரு ஆள லீவர போட்டு எடுக்கச் சொல்லிட்டு அந்தக் கை முழுசா ஸ்டாப்பர் வரைக்கும் திரும்புதான்னு பாருங்க. கேபிள் லூஸா இருந்தும் கை திரும்பலன்னா கேலிப்பர்ல பிடிப்பு. டிஸ்க்குக்கு உள்ள தனியா குட்டி ஷூ வச்ச மாடல்னா டிரம்முக்கு சொன்னதே.

கேட்டவர்:
கேபிள் ஆர்டர் போட்டாச்சு. வலது பக்க பூட்டும் வெடிச்சிருக்கு, அதனால ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தே சொல்லிட்டேன். ஷூவ இப்போதைக்கு தொடல.