ஒட்டாவா குளிரில் மியாட்டா ஓட்டலாமா?

கோவையிலிருந்து மூன்று வாரத்துக்கு முன்னால் ஒட்டாவா வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, பழைய மியாட்டா ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. சின்ன வயதிலிருந்து ஆசை. ஆபீஸில் எல்லோரும் பனியில் அதை ஓட்டவே முடியாது, நான்கு சக்கரத்தையும் இன்ஜின் ஓட்டும் ஆல் வீல் டிரைவ் வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா?"

வாங்குங்கள். மியாட்டா என்பது மஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்: இரண்டு சீட், துணிக்கூரை, இன்ஜின் ஓட்டுவது பின்சக்கரத்தை மட்டும். நான் ஐந்து குளிர்காலம் இந்த ஊரில் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஆனால் கார் விலையோடு சேர்த்து வின்டர் டயருக்கும் பணம் எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். நான்கு டயர், நான்கு ரிம் என்று ஆயிரம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். அது கையில் இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், என் முதல் நவம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கார் வாங்கும்போது அதில் சம்மர் டயர் இருந்தது. ராத்திரி விழுந்த பனி இரண்டு விரல் உயரம்கூட இருக்காது. காலை ஏழு மணி, சிக்னலில் நின்று வலப்பக்கம் திரும்பினேன். மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. பின்பக்கம் சத்தமே இல்லாமல் இடப்பக்கம் நகர்ந்தது. கையில் ஸ்டீயரிங் கனமே இல்லாமல் லேசாகிப் போனது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அதுதான் தப்பு. வண்டி இன்னும் வேகமாகச் சுழன்று, சாலை நடுவில் இருந்த திட்டில் பின்சக்கரம் மோதி நின்றது. நல்ல வேளை, பக்கத்தில் வேறு வண்டி இல்லை. ரிம் வளைந்ததோடு போயிற்று.

அன்றைக்கு அந்தக் காரை நான் குறை சொன்னேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். சம்மர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துவிடும். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்த தார்ச்சாலையிலேயே பிடிப்பு குறையும். வின்டர் டயரின் ரப்பர் மைனஸ் இருபதிலும் இளகியே இருக்கும். பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் போட வேண்டும். பின்சக்கரம்தானே ஓடுகிறது, இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டியைத் திருப்புவதும் பெரும்பாலும் நிறுத்துவதும் முன்சக்கரம்தான்.

அகலத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. 2016 முதல் வந்த மாடல்களில் 17 அங்குல ரிம்மில் 205 மில்லிமீட்டர் அகல டயர் இருந்தால், குளிர்காலத்துக்கு 16 அங்குலத்தில் 195 போடலாம். ஒல்லியான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். ரொம்பப் பழைய மாடல்களில் ரிம் இன்னும் சின்னது, அந்த அளவில் வின்டர் டயர் கிடைப்பது சிரமம். கார் வாங்கும் முன்பே அளவைச் சொல்லி டயர் கடையில் விசாரித்துவிடுங்கள்.

ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சாதாரண கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016லிருந்து இருக்கிறது. நீங்களாகக் கேளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கியூபெக் மாகாணத்தில் இருக்கும் காட்டினோவில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு: கியூபெக்கில் பதிவான காருக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம்.

சரி, இப்போது ஆபீஸ்காரர்கள் சொன்னதற்கு வருவோம். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், மேடு ஏற உதவும். நிறுத்த உதவாது. பள்ளத்தில் இறங்கிக் கிடக்கும் பெரிய வண்டிகளை ஹைவே 417 ஓரத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். மியாட்டா ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான். எடை குறைவு, அதனால் பிடிப்பு குறைவு என்பார்கள். நிறுத்த வேண்டிய எடையும் குறைவுதானே. அதோடு எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பின்பக்கம் காலியாக ஓடும் பிக்கப் டிரக்கைவிட இது எவ்வளவோ மேல். டிக்கியில் மணல் மூட்டை வை என்று சொல்வதும் டிரக் காலத்துப் பழக்கம்தான். இந்தக் காரில் அது சமநிலையைக் கெடுக்கும். பனி அள்ளுகிற சின்ன மண்வெட்டி, ஒரு பை மணல், போர்வை, ஜம்பர் கேபிள் இருந்தால் போதும். புது மாடல்களில் ஸ்டெப்னியும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டுவதில் எல்லாமே வலது கால்தான். முதல் கியரில் கிளப்பினால் பின்சக்கரம் சுற்றும். இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்புங்கள். வேகம் குறைக்கக் கியரை இறக்கும்போது கிளட்சைப் படக்கென்று விடாதீர்கள். இன்ஜினின் இழுவை முழுவதும் பின்சக்கரத்தில் மட்டும் விழும், ஹேண்ட்பிரேக் போட்ட மாதிரி பின்பக்கம் வழுக்கும். நான் திருப்பத்தில் காலை எடுத்தபோது நடந்ததும் இதேதான்: எடை முன்னால் சாய்ந்தது, லேசான பின்சக்கரத்தை இன்ஜின் பிடித்து இழுத்தது.

பின்பக்கம் நகர ஆரம்பித்தால் கண்ணை நீங்கள் போக வேண்டிய இடத்தில் வையுங்கள். மோதிவிடுவோமோ என்று பயப்படும் இடத்தைப் பார்த்தால் கை அங்கேதான் போகும். ஸ்டீயரிங்கைப் போக வேண்டிய பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறையுங்கள். அந்த நிதானம் வரவில்லையென்றால் கிளட்சை மிதியுங்கள். பின்சக்கரம் இன்ஜினிலிருந்து விடுபட்டுத் தானாக உருளும், பிடிப்பு திரும்பும். வண்டி நேராகும் கணத்தில் ஸ்டீயரிங்கையும் நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வீசும், இரண்டாவது வீச்சுதான் ஆளைக் கவிழ்க்கும். இதெல்லாம் படித்து வராது. முதல் பனி விழுந்ததும், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, விளக்குக் கம்பம் இல்லாத காலி மைதானம் ஒன்றில் ஒரு மணி நேரம் பழகுங்கள். வண்டி வழுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து நேராக்கப் பார்க்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2012 மாடல் முதல் கனடாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயம். அதற்கு முந்தைய காரில் அது இல்லாமல் இருக்கலாம். ரொம்பப் பழையதில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்கூட இல்லாமல் இருக்கலாம். நீங்கள் பார்க்கிற காரில் என்னென்ன இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

என்னை அதிகம் சிரமப்படுத்தியது வழுக்கல் இல்லை, உயரம். கார் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. ராத்திரி பனி அள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துவிட்டு, வீட்டு வாசல் குறுக்கே ஒரு பனிவரப்பைப் போட்டுவிட்டுப் போகும். பார்க்க மெத்தென்று இருக்கும், உள்ளே உறைந்த கட்டிகள். அதன் மேல் ஏற்றினால் வண்டியின் வயிறு வரப்பில் உட்கார்ந்து, சக்கரம் நான்கும் பிடி இல்லாமல் நிற்கும். அப்புறம் படுத்துக்கொண்டு அடியில் இருந்து பனியைத் தோண்ட வேண்டியதுதான். பத்து நிமிடம் முன்னதாக எழுந்து வரப்பை வெட்டிவிட்டு வண்டியை எடுங்கள். வேறெங்காவது சிக்கினால், சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும்.

துணிக்கூரையைக் குளிரில் திறக்காதீர்கள். பழைய மாடலில் பின் ஜன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் மடிக்கும்போது வெடித்துவிடும். கூரைமேல் பனியை மெத்தென்ற பிரஷால் தள்ளுங்கள், ஐஸ் சுரண்டியைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஓட்டிவிட்டு ராத்திரி ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு நிறுத்துங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். செப்டம்பரில் பிடித்த காற்று ஜனவரியில் ஆறேழு குறைந்திருக்கும்.

ஓட்டவே கூடாத நாட்களும் உண்டு. பனிமழை வேறு, உறைமழை வேறு. மழையாக விழுந்து தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும் இந்த மழையை ஒட்டாவா பள்ளத்தாக்கு அடிக்கடி பார்க்கும். 1998 ஜனவரியில் வந்ததை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். உறைமழை விழும் நாளில் எந்த டயரும் பிடிக்காது. பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் பனி என்று அறிவித்தாலும் மியாட்டாவுக்கு விடுமுறை. ஆகவே பஸ் வசதி உள்ள இடத்தில் வீடு பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டு சீட் கார் ஒன்று மட்டும் போதாது, அதையும் யோசியுங்கள்.

கடைசியாக, துரு. சாலையில் கொட்டும் உப்பு இந்தக் காரைத் தின்றுவிடும். கதவுக்கு அடியில் ஓடும் தகடு, பின்சக்கரத்துக்கு முன்னால் வரும் இடம், அங்கேதான் முதலில் பிடிக்கும். துணிக்கூரையின் பின்னால் விழும் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் துளை உண்டு. அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் அந்தத் தகடுக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். வாங்கினால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் துரு தடுக்கும் எண்ணெய் அடியில் அடியுங்கள்.

தம்பி, பணம் கொடுக்கும் முன் சொல்லுங்கள், சனிக்கிழமை நானும் வருகிறேன். நல்ல டார்ச் ஒன்று எடுத்து வாருங்கள், அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். டயர் கடையில் இப்போதே நாள் வாங்கி வையுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் அழைத்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் இடம் இருக்கும் என்பார்கள்.