குதிரைச் சலங்கை துலக்க எந்த மெஷின் வாங்கலாம்? சிலதில் விரிசல் வேற விடுது

கொடைக்கானலிலிருந்து கேள்வி:
வணக்கம். எங்க தாத்தா கும்பக்கரையிலிருந்து வெள்ளகவிக்குக் குதிரை மேல் சரக்கு ஏற்றியவர். அவர் குதிரைகளுக்குக் கட்டிய பித்தளைச் சலங்கை 212 என்னிடம் இருக்கு. எல்லாம் நெல்லிக்காய் அளவு. தோல் வாரோடு லாயத்துச் சுவரிலேயே தொங்கவிட்டிருக்கேன். அங்கே இப்பவும் ரெண்டு குதிரை கட்டியிருக்கோம்.

புளி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆகுது. மூட்டம் இறங்கினா பத்தே நாளில் மறுபடி கறுத்துடுது. இத்தனையையும் கையால் தேய்ச்சு விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. வால்நட் ஓட்டுத் தூள் போட்டு அதிர வைக்கிற சட்டி, தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டுச் சுற்றுகிற டிரம், காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிர வெச்சு அழுக்கெடுக்கிற அல்ட்ராசோனிக் தொட்டின்னு மூணு சொல்றாங்க. கையில் 8,000 ரூபாய்தான் இருக்கு. எதை வாங்க?

இன்னொண்ணு. சிலதில் வாய் ஓரத்தில் தலைமுடி மாதிரி விரிசல் தெரியுது. கீழே விழவும் இல்லை, அடிபடவும் இல்லை.

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலிருந்து:
தம்பி, முதல்ல ஒரு காந்தத்தைச் சலங்கை வாய்கிட்ட காட்டுங்க. உள்ளே இருக்கிற பரல் ஓடி வந்து ஒட்டினா அது இரும்பு. ஈரத்தில் மணிக்கணக்கா சுற்றினா பரல் துருப்பிடிச்சு உள்ளேயே ஒட்டிக்கும், அப்புறம் சத்தமே வராது. ஸ்டீல் ஊசி வாய் வழியா நுழைஞ்சுட்டா குறுக்கே விழுந்துடும், எடுக்க முடியாது. பூட்டுத் தகடு, சாவி மாதிரி மூடாத சாமானுக்குத்தான் டிரம் லாயக்கு. உங்களுக்கு வேண்டாம்.

குன்னூரிலிருந்து:
டிரம் வேண்டாம் என்று அவர் சொன்னது சரி. வெளிநாடுகளில் தோட்டாவை மறுபடி நிரப்புகிற சுடுபயிற்சிக்காரர்கள், சுட்ட பித்தளை உறையைச் சுத்தம் செய்ய இந்த மூன்றையும்தான் வைத்திருக்கிறார்கள். உறை ஒரு பக்கம் திறந்த குழாய். கவிழ்த்துத் தட்டினால் ஊசியும் தூளும் கொட்டிவிடும். சலங்கையில் போனது போனதுதான்.

எனக்கு மெஷினைவிட உங்கள் விரிசல்தான் கவலை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாகவே விரிசல் விட்டிருந்தன. 'சீசன் கிராக்கிங்' என்று அதற்குப் பெயர். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. உறைப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. தகட்டை அச்சில் அழுத்தி இழுக்கும்போது உள்ளே ஒரு இறுக்கம் தங்கிவிடும். அந்த இறுக்கமும் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும்.

உங்கள் சலங்கையின் நடுவில் வளையமாக ஒரு இணைப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் தகட்டில் அழுத்திச் செய்தது, அதுதான் வெடிக்கும். வார்ப்புச் சலங்கைக்கு அந்தப் பயம் குறைவு. எப்படியானாலும் இன்றைக்கே லாயத்திலிருந்து இறக்கிவிடுங்கள். பாலிஷ் வாங்கினால் புட்டியைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் அம்மோனியா கலந்திருக்கிறது.

சுத்தத்துக்கு 3 லிட்டர் அல்ட்ராசோனிக் தொட்டி போதும். தோல் வாரைக் கழற்றிவிடுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். அமிலத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் ஏறிவிடும், புளியும் அப்படித்தான். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் ஒரு அலசு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு. அழுக்கு போகுமே தவிர கண்ணாடிப் பளபளப்பு வராது. அதற்குத் துணிதான்.

கொடைக்கானலிலிருந்து:
ஐயா, படிச்சதும் ஓடிப்போய் இறக்கிட்டேன். 160-ல் கோடு இருக்கு, மீதி 52 வார்ப்பு. விரிசல் விட்டது 19, எல்லாமே கோடு போட்டதுதான். வார்ப்பில் ஒண்ணுகூட இல்லை. காந்தத்துக்குப் பரல் ஒட்டுது. நல்லா இருக்கிறதையாவது காப்பாத்த வழி உண்டா? சூடு பண்ணினா இறுக்கம் தளரும்னு பட்டறையில் ஒருத்தர் சொன்னார். கேக் சுடுற ஓவன் வீட்டில் இருக்கு.

குன்னூரிலிருந்து:
அவர் சொன்னது உண்மைதான். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

திண்டுக்கல் பட்டறையிலிருந்து:
அவசரப்படாதீங்க தம்பி! அந்தக் கோட்டை நகத்தால் கீறிப் பாருங்க. வெள்ளையா மெத்துன்னு இருந்தா ஈயப்பற்று. அது 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிச்சுடும், சலங்கை ரெண்டு ஓடா கழண்டு பரல் உருண்டு ஓடிடும். விரிசல் விட்ட ஒண்ணை வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் மத்ததைத் தொடுங்க.

கழுவினதை வெயிலை நம்பிக் காய வைக்காதீங்க, உங்க ஊரில் மதியமே மூட்டம் வந்துடும். வாயைக் கீழே பார்த்து வெச்சு ஹேர் டிரையரால் உள்ளே ஊதுங்க. பரல் கலகலன்னு தனியா உருளுற வரைக்கும் ஊதணும்.

கொடைக்கானலிலிருந்து:
கீறிப் பார்த்தேன் அண்ணே, வெள்ளைதான். வெடிச்ச ஒண்ணை ஓவனில் வெச்சேன். கால் மணி நேரத்தில் ரெண்டா கழண்டுடுச்சு. மத்ததை வைக்கலை. மதுரையில் 3 லிட்டர் தொட்டி சொல்லியாச்சு. சலங்கை எல்லாம் இப்போ வீட்டுக்குள்ளே மூடி போட்ட டப்பாவில் இருக்கு, கூடவே ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலம் போட்டிருக்கேன். வாரை மட்டும் தனியா மாட்டியிருக்கேன், அதில் இன்னும் லாயத்து வாசம் போகலை.