பழைய மூவி கேமரா வாங்கப் போனவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருவல்லிக்கேணி திருமலை:

போலெக்ஸ் ஹெச்16 ரிஃப்ளெக்ஸ், சாவி கொடுத்து ஓட்டுகிற 16 எம்.எம். ஃபிலிம் கேமரா. ராயப்பேட்டையில் ஒரு வீடு. டாக்குமெண்டரி எடுத்துக்கொண்டிருந்தவர் காலமாகிவிட்டார், வீட்டம்மாதான் விற்கிறார். மூன்று லென்ஸ் மாட்டிய சுழல்தட்டு (டரட்), தோல் பெட்டி, எல்லாம் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன், லென்ஸில் பூஞ்சை இல்லை. கடலோர ஊரில் இதுவே பெரிய விஷயம்.

முழுசாகச் சாவி கொடுத்து, செகண்டுக்கு 24 ஃபிரேமில் வைத்து அழுத்தினேன். ஹெச்16 ஒரு சாவிக்கு 28 செகண்டு வாக்கில் ஓடும், கடைசி வரை ஒரே சுருதியில் ஓட வேண்டும். இது பாதி தாண்டியதும் லேசாக இழுத்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “நிறுத்துங்க தம்பி. அவர் ஓட்டுறப்ப இது இப்படி அழாது.”

உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும்மா, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், அந்தச் செலவை மட்டும் கழித்துக்கொண்டு கொடுங்கள் என்றேன். பெட்டியை மூடிவிட்டார். “ரிப்பேர் பார்த்துட்டுச் சொல்லி அனுப்பறேன். இந்தச் சத்தத்தோட இது வெளிய போக வேணாம்.” விலை பேசவே விடவில்லை. என் நம்பரைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை, எப்படிச் சொல்லி அனுப்புவாராம்? அதற்கப்புறம் எத்தனையோ போலெக்ஸ் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட மனசுக்கு ஒட்டவில்லை.

சிங்கை சூப்பர்8:

எனக்கு நடந்தது சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில். 2017 ஜூலையில் மூடிவிட்டார்களே, அதற்குக் கொஞ்ச நாள் முன்னால். தார்ப்பாயில் கைக்கடிகாரங்களுக்கு நடுவே ஒரு கேனன் சூப்பர் 8 கிடந்தது. பேட்டரி போடும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்ததைத் தீக்குச்சியால் சுரண்டிவிட்டு, நான் கொண்டுபோன செல்லைப் போட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடியது, ஜூம் வேலை செய்தது.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கேட்ரிட்ஜ், ஃபிலிம் அடைத்த டப்பா. கோடாக்ரோம் 40 கலர் ஃபிலிம். ஃபிலிம் தெரிகிற சின்ன ஜன்னலில் ‘எக்ஸ்போஸ்ட்’ என்று அச்சாகியிருந்தது. அப்படியென்றால் யாரோ கடைசி வரை எடுத்து முடித்துவிட்டு, கழுவக் கொடுக்காமலே விட்டிருக்கிறார்கள். கடை போட்டிருந்த அங்கிளுக்கு நான் ஏன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று புரியவில்லை. கேட்ரிட்ஜைக் கையிலிருந்து வாங்கி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்து, ஃபிலிமை வெயிலில் உருவிக் காட்டினார். “ஃபிலிம் உண்டு, இது ஃப்ரீ!” என்று சிரித்தார். அவ்வளவுதான், 15 மீட்டரும் போச்சு.

கோடாக்ரோமைக் கலரில் கழுவுவது 2010 முடிவோடு நின்றுபோனது எனக்குத் தெரியும். ஆனால் கறுப்பு வெள்ளையில் கழுவி உருவத்தையாவது எடுக்க வழி இருந்தது. பிறந்தநாளோ, கல்யாணமோ, என்ன இருந்ததோ. கேமராவை வாங்கினேன், நன்றாகத்தான் ஓடுகிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கே3 கண்ணன்:

என் கதை சின்னது. ரஷ்யக் கேமரா கிராஸ்னகோர்ஸ்க்-3, நெட்டில் பார்த்து வரவழைத்தது. விற்றவர் “ஒரு கீறல் இல்லை” என்று சத்தியம் செய்தார். உடம்பில் இல்லைதான். எடுத்த ஃபிலிம் பூராவும் மழை பெய்கிற மாதிரி கோடு. உள்ளே ஃபிலிமை வளைத்துவிடும் லூப் ஃபார்மர்தான் உரசுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லூப்பைக் கையாலேயே போட்டு ஓட்டுகிறேன்.

திருமலை சார், நீங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தது போதாது. பக்கக் கதவைத் திறந்து பல்சக்கரத்தைப் பார்த்தீர்களா? பழைய ஹெச்16-ல் இரண்டு பக்கமும் பல் இருக்கும். இப்போது வரும் 16 எம்.எம். ஃபிலிமில் ஒரு பக்கம்தான் ஓட்டை, மறுபக்கப் பல் ஃபிலிமைக் குத்திக் கிழித்துவிடும். அடுத்தது லென்ஸ். ரிஃப்ளெக்ஸில் ஃபிலிமுக்கு முன்னால் பிரிஸம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 50 எம்.எம்.முக்குக் குறைந்த லென்ஸ் எல்லாம் ஆர்.எக்ஸ். என்று போட்டதாக இருக்க வேண்டும். சாதாரண சி-மவுண்ட் லென்ஸைப் போட்டு அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தால் படம் மசமசவென்று வரும். பிரிஸம் கொஞ்சம் வெளிச்சத்தையும் தின்னும், எக்ஸ்போஷரில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் போடாமல் 64-ல் வைத்து ஓட்டிக் காட்டுகிற ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம் செலவு. 100 அடி ரோல் 24-ல் 2 நிமிஷம் 46 செகண்டுதான். வாங்க, கழுவ, ஸ்கேன் பண்ண மூன்று பில். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கேமரா விலையைப் பேசுங்கள். யார் சொன்னாலும் டபிள்யூ.டி.40 ஸ்பிரே எண்ணெய் அடிக்காதீர்கள், அது ஷட்டர் வரைக்கும் வழிந்து போகும்.

திருவல்லிக்கேணி திருமலை:

கண்ணன், நான் எதுவும் கேட்கவில்லையே. ரிஃப்ளெக்ஸ் மாடல் வந்ததே 1956-ல். அதற்கு முன்பே ஒற்றைப் பல்லுக்கு மாறிவிட்டார்கள். நீங்கள் சொல்வது அதற்கும் முந்தின கேமராவுக்கு. லென்ஸ் மூன்றும் ஆர்.எக்ஸ்.தான், பார்த்தேன். நான் சொல்ல வந்தது அந்தம்மாவின் காதைப் பற்றி.

கே3 கண்ணன்:

படிக்கிற மற்றவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதினேன் சார்.

ஸ்காபரோ சுகந்தி:

நான் கனடாவிலை. கலியாண வீட்டுக்குப் போற வழியிலை ஒரு யார்ட் சேல். ரெகுலர் 8 கமரா ஒண்டு, தோல் உறையோடை, சாவி குடுக்கிறது. 25 அடி ரோலைப் பாதியிலை கழட்டி மறுபக்கம் மாத்திப் போட்டு ஓட்டுவினமே, அந்த வகை. அப்பாட்டை யாழ்ப்பாணத்திலை இதே மாதிரி ஒண்டு இருந்தது, இப்ப எங்கை போச்சுதோ தெரியாது. இவர் காருக்குள்ளை இருந்து ஹோர்ன் அடிக்கிறார், நான் கமராவைக் கண்ணிலை வைச்சு, பட்டனை அமத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தெருவைப் பாத்துக்கொண்டு நிண்டன். எவ்வளவு நேரம் நிண்டனோ.

மண்டபத்துக்குள்ளை போனாப் பிறகுதான் மகள் சொல்றாள், “அம்மா, உங்கட கண்ணைப் பாருங்கோ” எண்டு. கண் வைக்கிற இடத்திலை இருந்த ரப்பர் பழசாகி, உருகிப் பசையாப் போயிருக்கு. வலது கண்ணைச் சுத்தி வட்டமாக் கறுப்பு. கையாலை துடைக்க அது கையிலை, பிறகு சேலைத் தலைப்பிலை. பொம்பிளை மாப்பிளையோடை நிண்ட குறூப் படத்திலையும் நான் அப்பிடித்தான் நிக்கிறன். கமரா இப்ப அலுமாரியிலை. முன்னாலை இருக்கிற, வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஊசி வெயிலிலை பிடிச்சாலும் அசையேல்லை.

கே3 கண்ணன்:

அக்கா, முன்னால் தேன்கூடு மாதிரி கண்ணாடி இருந்தால் அது செலினியம் மீட்டர். பேட்டரியே கிடையாது. செத்தது செத்ததுதான். போனில் லைட் மீட்டர் செயலி இறக்கி, அப்பர்ச்சரைக் கையால் வையுங்கள். தேன்கூடு இல்லாமல் பட்டன் செல் போடுகிற இடம் இருந்தால் வேறு விஷயம். அந்தக் காலத்து 1.35 வோல்ட் பாதரச செல் இப்போது விற்பதில்லை. அதற்குப் பதில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் அளவு தப்பும். காது மெஷினுக்குப் போடும் 675 ஸிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரியாக வரும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட விட்டுவிட்டுப் போடுங்கள். உரித்த பிறகு ரொம்ப நாள் தாங்காது. அளவு சின்னது, சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் ஆடாது.

சிங்கை சூப்பர்8:

675 விஷயம் உண்மை. என் கேனனின் மீட்டருக்கும் அதுதான் போடுகிறேன்.

ஸ்காபரோ சுகந்தி:

கண்ணன் தம்பி, மீட்டர் கிடக்கட்டும். அந்தக் கறுப்புப் பசை காஞ்சிபுரச் சேலையிலையிருந்து எப்பிடிப் போகும், அதைச் சொல்லுங்கோ.