தண்ணீரில் இறங்க மறுக்கும் லேபும், ஏற மறுக்கும் லேபும்

எங்கள் வீட்டு நாய் மூன்று வயதுப் பெண் லேப் (லாப்ரடார்), கருப்பு. குளக்கரை வரை ஆசையாக ஓடி வருவாள். முன்னங்கால் நனைந்ததும் நின்றுவிடுவாள், அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டாள். பந்தைத் தண்ணீரில் போட்டால் அது மிதந்து கரை ஒதுங்கும் வரை உட்கார்ந்து காத்திருப்பாள். நடக்க வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "இது ஒரிஜினல் லேப் இல்லைங்க, உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க" என்கிறார்கள். போன வாரம் ஒருவர், தூக்கி உள்ளே போட்டால் தானாக நீந்திவிடும் என்று என் கையிலிருந்த கயிற்றையே வாங்கப் பார்த்தார். கொடுப்பேனா! தண்ணீர் பிடிக்காத லேப் வேறு யார் வீட்டிலாவது உண்டா?

*

உங்களுக்கு நேர் எதிர் கேஸ் இங்கே. எங்களுடையவன் மஞ்சள் நிறம், ஆண். குடிக்க வைக்கும் கிண்ணத்தில் முதலில் காலை விட்டுக் கலக்குவான், அப்புறம்தான் குடிப்பான். செடிக்குத் தண்ணீர் விட ஹோஸைத் திறந்தால் செடிக்கு ஒரு சொட்டும் போகாது. ஏரிக்குப் போனால் அவனை வெளியே வரவழைப்பதுதான் பெரும்பாடு.

ஒரு தடவை நல்ல குளிர் நாளில் ரொம்ப நேரம் நீந்தினான். மறுநாள் காலையில் பார்த்தால் வால் அசையவில்லை. அடியில் இரண்டு மூன்று அங்குலம் நேராக நிற்கிறது, மீதி அப்படியே தொங்குகிறது. உட்காரவும் கஷ்டப்பட்டான். வால் ஒடிந்துவிட்டது என்றே நினைத்து டாக்டரிடம் ஓடினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, வாலடித் தசைதான் அசந்துபோயிருக்கிறது என்றார். லேப் வாலைச் சுக்கான் மாதிரி வைத்து நீந்துகிறது, அதனால் அந்தத் தசைக்கு வேலை அதிகமாம். 2016-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லேப்களை வைத்தே ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். இந்த வால் பிரச்சினை வந்த நாய்களில் நீந்துகிறவையும் வேட்டைக்களத்தில் வேலை செய்கிறவையும் அதிகம். பிரிட்டனின் குளிரான வடபகுதியில் இருந்தவற்றுக்கும் கூடுதலாக வந்திருக்கிறது. வலி மருந்து, ஓய்வு, அவ்வளவுதான். சில நாளில் மறுபடியும் மேஜையில் இருப்பதையெல்லாம் வாலாலேயே தட்டிவிட ஆரம்பித்தான்.

"இரட்டை ரோமம், எண்ணெய்ப் பசை, அதனால் லேபுக்குக் குளிரே உறைக்காது" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரோமம் தண்ணீரை ஒட்டவிடாது என்பது உண்மைதான். ஆனால் வாலடித் தசை அசந்துபோவதை அது தடுக்காது.

*

எங்கள் வீட்டில் விசித்திரம். ஆறு, சேறு, சாக்கடை எதுவானாலும் பாய்வான். பக்கெட்டையும் ஷாம்புவையும் கண்டால் கட்டிலுக்கு அடியில். தண்ணீர்ப் பிரியன் என்று யார் சொன்னாலும் நானும் தலையாட்டிவிடுகிறேன்.

*

முதலில் கேட்ட அக்காவுக்கு: உங்கள் நாய் லேப்தான், கவலையே வேண்டாம். நான் கைவிடப்பட்ட லேப்களை வேறு வீடு கிடைக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வந்தவற்றில் தண்ணீரைக் கண்டு பின்வாங்கியவை நிறைய. ஒன்றைக் குட்டியிலேயே குளத்தில் தூக்கிப் போட்டுப் 'பழக்கி' இருந்தார்களாம். அது குழாய்ச் சத்தம் கேட்டாலே நடுங்கும்.

லேப் என்றால் தண்ணீர்ப் பிரியன் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். இவற்றின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களிடம் இருந்த செயிண்ட் ஜான்ஸ் நாய்கள். வலைக்கயிற்றையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்விக் கொண்டுவருவது அவற்றின் வேலை. 19-ஆம் நூற்றாண்டில் மாம்ஸ்பரி, பக்ளூ போன்ற பிரபுக் குடும்பங்கள் அவற்றைப் பிரிட்டனில் வளர்த்துப் பெருக்கின. 1903-இல் அங்குள்ள கென்னல் கிளப், அதாவது நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு, லாப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. ஆக, தண்ணீர் வேலைக்கு ஏற்ற உடம்பு வாய்த்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீந்தக்கூடிய உடம்பு வேறு, நீந்தும் ஆசை வேறு.

நிறத்தை வைத்துக் குணம் சொல்கிறவர்கள் இன்னும் வேடிக்கை. கருப்பு புத்திசாலி, மஞ்சள் சோம்பேறி, சாக்லேட் முரடு! இரண்டு கருப்பு லேப்களுக்கு ஒரே ஈற்றில் மூன்று நிறத்திலும் குட்டிகள் பிறக்கலாம். நிறத்தை முடிவு செய்வது முக்கியமாக இரண்டு மரபணுக்கள். அதே ஈற்றில் பிறந்த குட்டிக்கு நிறம் மட்டும் மாறினால் புத்தியும் மாறிவிடுமா? நிறத்தோடு சேர்ந்து நிஜமாகவே தெரிந்த வித்தியாசம் உடல்நலத்தில்தான். 2018-இல் பிரிட்டன் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், காது அழற்சி சாக்லேட் நாய்களில் 23.4 சதவீதம், மஞ்சளில் 17, கருப்பில் 12.8. யாரும் அதைப் பேசக் காணோம்.

*

அப்போ இனம் என்பதே சும்மாவா? எங்கள் குட்டிக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்தே செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைக்கிறது. பல் தடம் கூட இல்லை. இதையும் தற்செயல் என்பீர்களா?

*

சும்மா என்று சொல்லவில்லை. 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 18,385 நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு கூடுதல். உங்கள் செருப்புக்காரன் வம்ச வேலையைத்தான் செய்கிறான், சந்தோஷப்படுங்கள். என் சண்டை "லேப் என்றால் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டு எதிரில் நிற்கும் நாயைப் பார்க்காமல் விடுகிறவர்களோடு மட்டும்.

*

அதற்கு நான் கண்ணால் பார்த்த உதாரணம் ஒன்று. ஏரியில் ஒருவர் தன் லேபுக்குப் பந்து வீசிக்கொண்டே இருந்தார். நல்ல துடிப்பான இளம் நாய். பத்து நிமிடம் இருக்கும், பின்னங்கால் இரண்டும் இழுக்க ஆரம்பித்தன. கரையில் தள்ளாடியது, ஆனாலும் பந்தையே பார்க்கிறது. அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் வீசப் போனார். நிறுத்தச் சொன்னபோது, "லேப் தண்ணீரில் மூழ்காது சார்" என்றார். நல்லவேளை, அதற்குள் நாய் படுத்துவிட்டது. நிழலில் வைத்து உடம்பை நனைத்துக் குளிர வைத்தோம். அரை மணிக்குள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றது.

இது லேப்களில் தெரிந்த பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். ஓரிடத்தில் சும்மா இருக்கும்போது எதுவும் தெரியாது. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் உற்சாகத்தோடு ஓடி ஆடினால் பின்னங்கால் வலுவிழந்துவிடும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் கண்டுபிடித்தார்கள், இப்போது பரிசோதனை உண்டு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் ஆபத்து. ஆழத்தில் இருக்கும்போது கால் விட்டுவிட்டால் எந்த லேபும் மூழ்கும். நீந்தப் பிடித்த நாய்க்கும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

*

எல்லோருக்கும் நன்றி. அவளை இனி வற்புறுத்துவதில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தங்கையின் நாய் நன்றாக நீந்தும், அந்த நாயோடு சேர்த்து ஆழமில்லாத இடத்தில் விளையாட விட்டுப் பார்க்கிறோம். ஒரு சந்தேகம்: தண்ணீரில் பந்து போடுவதை விட வேறு ஏதாவது நல்லதா?

*

தட்டையான பொம்மை போடுங்கள். பந்தைக் கவ்வும்போது வாய் அகலத் திறந்திருக்கும், ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். வயிறு உப்பல், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். நடுநடுவே கரைக்குக் கூப்பிட்டு ஓய்வு கொடுங்கள். பச்சைப் பாசி ஏடு படிந்த குளம் என்றால் பக்கத்திலேயே விடாதீர்கள், சில வகை ஏடு நாயைக் கொல்லும் விஷம். அப்புறம் அந்தக் காது. வீட்டுக்கு வந்ததும் மடலைத் தூக்கி உட்புறத்தை நன்றாகத் துடைத்து விடுங்கள், பஞ்சுக் குச்சியை மட்டும் உள்ளே விட வேண்டாம்.