டாம் சாயருக்குப் பிறகு ஹக் ஃபின்னைப் பிள்ளைகளுக்கு வாசிக்கலாமா?

செம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்து வருகிறேன். 11 வயதிலிருந்து 13 வயது வரை உள்ளவர்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் விளையாட்டில் இந்தியுமாக வளர்பவர்கள். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அதையே தமிழில் சொல்வது என் வழக்கம். இந்த முறையில் மார்க் ட்வைனின் ‘டாம் சாயரின் சாகசங்கள்’ நாவலை முடித்துவிட்டோம். தீவுக்கு ஓடிப்போன மூன்று பையன்கள் தங்களுக்கே நடக்கும் நீத்தார் வழிபாட்டைத் தேவாலயத்து மாடத்தில் ஒளிந்திருந்து கேட்கும் இடத்தில் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரரே மேலே வந்துவிட்டார்.

என் சிக்கல் இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கியது. 30 கெஜ நீளமும் 9 அடி உயரமும் உள்ள பலகை வேலிக்குச் சனிக்கிழமையில் சுண்ணாம்பு அடிக்க வேண்டிய தண்டனையை, மற்றப் பையன்கள் காசு கொடுக்காத குறையாகக் கெஞ்சி வாங்கிக்கொள்ளும்படி டாம் மாற்றிவிடும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்குச் சற்று முன்பு, ஜிம் என்ற கறுப்பினச் சிறுவன் தகர வாளியோடு பாடிக்கொண்டே ஊர்ப் பம்பில் தண்ணீர் பிடிக்கப் புறப்படுகிறான். எங்கள் கூட்டத்தில் மிகவும் சிறியவன் அந்த இடத்தில், “டாமுக்கு இது தண்டனை; அந்தப் பையன் என்ன தப்பு செய்தான், அவன் ஏன் தினமும் தண்ணீர் சுமக்கிறான்?” என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அடுத்து, டாமின் தோழன் ஹக்கைப் பற்றி ட்வைன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ வேண்டும் என்கிறார்கள். நான் கல்லூரிக் காலத்தில் படித்தது; கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருவதும், கடைசி அத்தியாயங்கள் எரிச்சலூட்டியதும் நினைவில் இருக்கின்றன. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதை வாசிக்கலாமா? வாசித்தால் எங்கிருந்து தொடங்குவது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா புத்தகப்புழு எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். வாளி தூக்கும் சிறுவன் ஜிம் வேறு, ஹக்கோடு தெப்பத்தில் போகும் ஜிம் வேறு. பின்னவர் பெண்டாட்டி பிள்ளைகள் உள்ள ஆண்மகன். மிஸ் வாட்சன் என்ற அம்மையாரின் அடிமை. பெயர் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகள் ஒருவரையே நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு விடை ஊரில் இருக்கிறது. கதையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று வரும் ஊர், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் மிசௌரி மாநிலத்தில் உள்ள ஹானிபல். 1835-இல் பிறந்த ட்வைன், அதாவது சாமுவேல் கிளமென்ஸ், நான்கு வயதில் அங்கே குடிவந்தவர். மிசௌரி அடிமை முறையைச் சட்டமாகவே வைத்திருந்த மாநிலம். எதிர்க்கரையில் தெரிந்த இல்லினாய் அப்படிப்பட்டதன்று. ஆகவே டாமின் பெரியம்மா வீட்டில் அந்தச் சிறுவன் தண்ணீர் சுமப்பது யாருக்கும் விளக்கம் தேவைப்படாத செய்தியாக இருந்தது. டாமின் கதை 1876-இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. கதை நடக்கும் காலமோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. பழைய நாட்களின் வெயில் மட்டும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, நிழலை அவர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார் என்பது என் எண்ணம். ஹக்கின் கதையில் அந்த நிழல்தான் கதை.

பிள்ளைகளுக்கு ஒரு நிலப்படத்தை விரித்துவைத்து இதைச் சொல்லிப் பாருங்கள். 800 டாலருக்குத் தன்னைத் தெற்கே விற்றுவிடப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததால்தான் ஜிம் ஓடிப்போகிறார். எதிர்க்கரைக்குத் தாண்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுத்து வெகுமதி வாங்குவதற்கு அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் கெய்ரோ என்ற ஊர்வரை மிதந்து, அங்கே வந்து சேரும் ஒஹையோ ஆற்றில் நீராவிப் படகு ஏறி வடக்கே போய்விடுவது என்பது திட்டம். மூடுபனி இரவு ஒன்றில் கெய்ரோவைத் தவறவிடுகிறார்கள். அதன் பிறகு ஆறு அவர்களை இழுத்துச் செல்லும் ஒவ்வொரு மைலும் அடிமை முறை இன்னும் கடுமையாக இருந்த தெற்கை நோக்கியது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், வெறும் ஆற்றுப் பயணமாகத் தோன்றுவதன் அடியில் இருக்கும் அச்சம் பிடிபடும்.

போகிற போக்கில் ஒன்று: ‘மார்க் ட்வைன்’ என்பதே ஆறு தந்த பெயர். நீராவிப் படகில் ஆழம் பார்ப்பவர் இரண்டு பாகம் என்று கூவும் குரல் அது. இரண்டு பாகம் என்றால் 12 அடி. நம் கடற்கரைக்காரர்கள் கையை விரித்து அளக்கும் அதே பாகம்தான். அவர் 1859-இல் படகோட்டி உரிமம் பெற்றவர்.

தாராவித் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, நீங்கள் ஒரு பத்தியை வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தமிழில் சொல்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. டாமின் கதையை ஆசிரியர் சொல்கிறார். அதற்கு நல்ல வீட்டுத் தமிழ் பொருந்தும். ஹக்கின் கதையை ஹக்கே சொல்கிறான். குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்து, பீப்பாயில் உறங்கி, இலக்கணம் அறியாமல் வளர்ந்த 13, 14 வயதுப் பையனின் வாய்ப்பேச்சு அது. கதையில் பல வட்டார வழக்குகளைப் பார்த்துப் பார்த்துக் கையாண்டிருப்பதாக ஆசிரியரே முன்குறிப்பில் எச்சரிக்கிறார். அவனை நீங்கள் பாடப்புத்தகத் தமிழில் பேசவைத்தால் பாதிக் கதை போய்விடும்.

திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான் இங்கே நெடுங்காலம் பாடம் நடத்தியிருக்கிறேன். தாத்தாவின் தமிழில் தொடங்கி இந்தியில் திரும்பி மராத்தியில் முடியும் அவர்களுடைய பேச்சைத் திருத்தித் திருத்தியே என் காலம் போயிற்று. ஒருநாள், திருத்துவதை விட்டுவிட்டு, ஹக்கின் 15-ஆம் அத்தியாயத்தை அவர்கள் தங்கள் பேச்சில் எழுதிவரட்டும் என்றேன். அந்த அத்தியாயத்திலிருந்தே நீங்களும் தொடங்குங்கள் என்பது என் யோசனை.

மூடுபனியில் தெப்பமும் ஓடமும் பிரிந்துபோய், இரவெல்லாம் ஒருவரையொருவர் கூவித் தேடியபின், ஹக் மெல்லத் தெப்பத்தில் ஏறிப் படுத்துக்கொண்டு, பிரியவே இல்லை, எல்லாம் நீ கண்ட கனவு என்று ஜிம்மை நம்பவைக்கிறான். ஜிம்மும் அந்தக் ‘கனவுக்கு’ விரிவாகப் பலன் சொல்கிறார். பிறகு ஹக், தெப்பத்தில் கிடக்கும் இலைச்சருகையும் குப்பையையும் முறிந்த துடுப்பையும் காட்டி, இவற்றுக்கு என்ன பலன் என்று கேட்கிறான். ஜிம் குப்பையைப் பார்க்கிறார், பையனைப் பார்க்கிறார், மறுபடியும் குப்பையைப் பார்க்கிறார். நீ தொலைந்துபோனாய் என்று என் நெஞ்சு உடைந்தது. உயிரோடு உன்னைக் கண்டதும் உன் காலில் முத்தமிடத் தோன்றியது. நீயோ என்னை ஏமாற்றி மகிழ்வதையே நினைத்துக்கொண்டிருந்தாய். நண்பன் தலையில் மண்ணைப் போட்டு அவனை வெட்கப்படவைப்பவன்தான் குப்பை என்ற பொருள்படச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விடுகிறார். போய் மன்னிப்புக் கேட்க ஹக்கிற்குக் கால்மணி நேரம் ஆகிறது. அடிமை ஒருவரிடம் வெள்ளைப் பையன் தலைகுனிவதற்கு அந்த ஊரில் எடுத்த நேரம் அது.

என் மாணவன் ஒருவன் அந்தக் கால்மணி நேரத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். மூலத்தில் அது ஒற்றை வரி. “போலாமா வேணாமான்னு மண்டெ காயுது” என்று தொடங்கிய அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மை தொடவில்லை.

கோட்டைப் பகுதி நடைக்காரர் எழுதியது:

மும்பையில் இருந்துகொண்டு இந்த நாவல்களைப் பேசும்போது ஒரு கட்டடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. காலாகோடாவில், ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிர்ப்புறம், இரும்புச் சட்டங்களால் எழுப்பப்பட்டுப் பாழடைந்து நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷன் தான் பழைய வாட்சன்ஸ் ஹோட்டல். மிஸ் வாட்சன் என்ற பெயரைப் படித்தபோதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். தொடர்பு ஏதும் இல்லை, வெறும் பெயர்ப்பொருத்தம்.

பதிப்பகத்திலும் அச்சுக்கோக்கும் இயந்திரத்திலும் பணத்தை இழந்து கடனாளியான ட்வைன், கடனை அடைப்பதற்காக உலகைச் சுற்றிச் சொற்பொழிவு ஆற்றக் கிளம்பி, 1896 ஜனவரியில் தமது 60-ஆவது வயதில் பம்பாயில் இறங்கினார். 1897-இல் எழுதிய பயணநூலில் இங்கே நடந்த ஒன்றைப் பதிந்திருக்கிறார். அவர் தங்கிய இந்த வாட்சன்ஸ் விடுதியில் அறையைச் சரிசெய்யும்போது, தாழ்வாரத்துக் கதவில் ஏதோ வேலை இருந்திருக்கிறது. இந்தியப் பணியாள் ஒருவர் மண்டியிட்டு அதைச் செய்யத் தொடங்க, உடன் வந்த வெள்ளைக்காரர் எது தவறு என்றுகூடச் சொல்லாமல் அவர் தாடையில் ஓர் அறை விட்டார். அறை வாங்கியவர் வாய்திறக்கவில்லை. இப்படியொன்றைப் பார்த்து 50 ஆண்டுகள் ஆகிவிட்டன என்றும், அடிமையிடம் வேலை சொல்லும் வழக்கமான முறை இதுதான் என்பது சட்டென்று நினைவுக்கு வந்து தாம் சிறுவயதுக்கே போய்விட்டதாகவும் ட்வைன் எழுதுகிறார். தமக்குப் பத்து வயது இருக்கும்போது, சின்னத் தவறு ஒன்றுக்காக ஓர் அடிமையின் மீது இரும்புத்தாதுக் கட்டியை எறிந்து கொன்றவனைக் கண்ணால் பார்த்ததையும் அங்கேயே சொல்கிறார்.

ஹானிபலை நினைத்து அவர் எழுதிய பக்கங்களில் மிகக் கசப்பானவற்றுள் ஒன்றை எழுதத் தூண்டியது நம் ஊர்க் கட்டடம். பிள்ளைகளை ஒரு ஞாயிறு அங்கே அழைத்துச் செல்லுங்கள் அக்கா. உள்ளே போக முடியாது. எதிர்நடைபாதையில் நின்றால் தாழ்வாரங்கள் தெரியும்.

சயான் கோலிவாடா அம்மணி எழுதியது:

கடைசி அத்தியாயங்களைப் பற்றி யாரும் வாய்திறக்காததால் நான் சொல்கிறேன். தெற்கே ஃபெல்ப்ஸ் என்பவரின் பண்ணையில், ஓடிவந்த அடிமை என்று ஜிம்மை அடைத்துவைத்த பிறகு டாம் வந்து சேருகிறான். குடிசையிலிருந்து அவரை ஓர் இரவில் வெளியே கொண்டுவந்துவிடலாம். டாமோ, தான் படித்த சிறையுடைப்புக் கதைகளின்படியே நடக்க வேண்டும் என்று எலியையும் பாம்பையும் சிலந்தியையும் ஜிம்மின் குடிசைக்குள் விட்டு, மூன்று வாரம் இழுத்தடிக்கிறான். மிஸ் வாட்சன் இறக்கும்போதே ஜிம்மை விடுதலை செய்துவிட்டார் என்பது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும். ஜிம்மைப் பையன்களிடமிருந்து திருடிச்செல்லும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும், மிச்சமெல்லாம் ஏமாற்று என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1935-இல் எழுதியதைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பன்னிரண்டு அத்தியாயங்கள் நீளம்தான், அலுப்பும் தட்டும். ஆனால் வேலிக்குச் சுண்ணாம்பு அடித்த அதே பையனை அவை மீண்டும் காட்டுகின்றன. அங்கே மற்றப் பையன்கள் ஆப்பிளையும் பட்டத்தையும் இழந்தார்கள், நாம் சிரித்தோம். இங்கே டாமின் விளையாட்டுக்கு ஒரு மனிதர் தம் நாட்களைக் கொடுக்கிறார். முடிவில், பொறுமையான கைதியாக இருந்ததற்காக டாம் அவருக்கு 40 டாலர் கொடுக்கிறான். தெற்கே விற்றால் கிடைக்கும் என்ற 800 டாலரை உங்கள் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டுங்கள். தகர வாளியைப் பற்றிக் கேட்ட பையனுக்கு அது போதும்.

சொல் விஷயத்தில் என் கருத்து வேறு. 2011-இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு அந்த வசைச்சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. அதைப் பலர் கடுமையாகச் சாடினார்கள். தனியே படிக்கும் வளர்ந்தவருக்கு மூலமே சரி. குழந்தைகள் முன் உரக்க வாசிக்கும்போது நீங்கள் அதை உச்சரிக்கத் தேவையில்லை. அப்படியொரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாதிப்பெயரை வசையாகக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டியிருக்காது. இதில் வேடிக்கை, 1885-இல் கான்கார்டு நகர நூலகம் இந்த நாவலை விலக்கிவைத்தது இந்தச் சொல்லுக்காக அன்று; ஹக்கின் பேச்சும் நடத்தையும் நாகரிகமற்றவை என்பதற்காக.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபின், இதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ இருக்கிறது. 2024-இல் வந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நாவல். இப்போது வேண்டாம், அதன் கடுமை இந்த வயதுக்குத் தாங்காது.

செம்பூர் வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு 15-ஆம் அத்தியாயத்தை வாசித்தோம். ஆசிரியர் ஐயா சொன்னபடி ஹக்கின் பேச்சைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். பாதி இந்தியாகத்தான் வந்தது, ஆனால் குப்பை என்று ஜிம் சொல்லும் இடத்தில் ஒருவரும் பேசவில்லை. அடுத்த வாரம் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புகிறோம். சொல்லைப் பற்றி அம்மணி எழுதியபடியே செய்யப்போகிறேன். கடைசிப் பன்னிரண்டில் நான்கை மட்டும் வாசிப்பதாக எண்ணம். காலாகோடாவுக்கு மழை விட்டபின் போகிறோம்.

தகர வாளிக் கேள்விக்கு நிலப்படத்தை வைத்துப் பதில் சொன்னேன். கேட்டவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டாமின் புத்தகத்தை எடுத்து இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினான். தன் வேலையைச் செய்தால் தருவதாக டாம் ஒரு வெள்ளைக் கோலிக்குண்டைக் காட்டியதும், ஜிம் வாளியைக் கீழே வைத்து அதை வாங்கிக்கொள்கிறான்; மறுகணமே பெரியம்மா செருப்போடு வந்துவிட, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் அதைத் திருப்பிக் கொடுத்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று காட்டினான். நானும் தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.