புதுப்பிப்பு: அதிகாரிப் பயிற்சி விண்ணப்பக் கட்டுரையை அனுப்பிவிட்டேன்

இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என் விண்ணப்பக் கட்டுரையில் உயிரே இல்லை என்று முன்பு எழுதி உங்களிடம் யோசனை கேட்டிருந்தேன். ‘சிறுவயது முதலே நாட்டுக்குச் சேவை செய்வது என் கனவு’ என்ற தொடக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என நீங்கள் சுட்டியது முற்றிலும் சரி; அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, மலையேற்றத்தில் வரைபடத்தைத் தவறாகப் படித்து எட்டுப் பேரை இரண்டு மணி நேரம் வீணாக நடக்கவைத்ததையும், தவறு என்னுடையது என்று உடனே ஒப்புக்கொண்டு, மிகவும் களைத்திருந்தவரை வரிசையின் முன்னால் நிறுத்தி அவருடைய நடைக்கேற்ப அனைவரையும் திருப்பி அழைத்து வந்ததையும் எழுதினேன். தோல்வியைக் காட்டலாமா என்ற தயக்கம் கடைசிவரை இருந்தது. ஆனால், தலைமைப் பண்பு இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைவிட இதுவே நேர்மையானது என்று உறுதியாக நம்புகிறேன். விருதுகள் படிவத்திலேயே இருப்பதால் கட்டுரையில் சேர்க்கவில்லை. இனி நேர்காணலுக்குத் தயாராக வேண்டும்.