மாடி வாசிப்பு வாட்ஸ்அப் குழு: சனிக்கிழமைக் கதை

பவித்ரா: அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பின் எழுதின 'ஒரு மணி நேரத்தின் கதை'யை சனிக்கிழமைக்காக மொழிபெயர்த்துட்டு இருக்கேன். இங்கிலீஷ்ல ஆயிரம் வார்த்தை பக்கம்தான். ஆனா முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். மிசஸ் மல்லார்டுக்கு 'இதய நோய்'னு போட்டிருக்கேன், சரியா டீச்சர்?

ராஜம் டீச்சர்: வேண்டாம்மா. முதல் வரியில 'ஹார்ட் ட்ரபிள்', கடைசி வரியில 'ஹார்ட் டிசீஸ்'. முதல்ல படிக்கிறப்போ உடம்புக்கா மனசுக்கான்னு புரியக்கூடாது. கடைசியில டாக்டருங்க வாயில அது வெறும் நோய் ஆயிடுது. ரெண்டு இடத்துலயும் ஒரே சொல் போட்டா அது போயிடும். மேல 'நெஞ்சுக் கோளாறு', கீழ 'இதய நோய்'னு வெச்சுக்கோ.

செல்வம் மாமா: நான் இன்னும் படிக்கல. என்ன கதை?

முரளி: ரயில் விபத்துல புருஷன் பிரென்ட்லி மல்லார்ட் செத்துட்டதா பத்திரிகை ஆபீசுக்குத் தந்தி வருது. நண்பர் ரிச்சர்ட்ஸ் ரெண்டாவது தந்தி வர்ற வரைக்கும் காத்திருந்து உறுதி பண்ணிக்கிட்டுத்தான் வீட்டுக்கு ஓடி வர்றார். தங்கச்சி ஜோசஃபின் பதமா சொல்றா. மிசஸ் மல்லார்ட் ஓன்னு அழுதுட்டு மாடி ரூமுக்குத் தனியா போறா. அங்க, இனிமே வாழ்க்கை தன்னோடதுன்னு அவளுக்குத் தோணுது. கீழ இறங்கி வரும்போது புருஷன் கதவைத் திறந்துட்டு உள்ள வர்றான். விபத்து நடந்த இடத்துப் பக்கமே அவன் போகல. அதோட அவ செத்துடறா.

செல்வம் மாமா: அப்போ புருஷன் கொடுமைக்காரனா?

ராஜம் டீச்சர்: அங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க 🙂 அவன் அவளை அன்பாத்தான் பார்த்திருக்கான்னு கதையிலயே இருக்கு. அவளும் சில நேரம் அவனை நேசிச்சிருக்கா, பல நேரம் இல்லை. அவனை வில்லன் ஆக்கிட்டா அது அவனோட கதை ஆயிடும். ஒருத்தர் விருப்பத்தை இன்னொருத்தர் மேல திணிக்கிறது, நல்ல எண்ணத்துல செஞ்சாலும் கெட்ட எண்ணத்துல செஞ்சாலும் குற்றம்தான்னு அவ நினைக்கிற பத்தி இருக்கு பாருங்க. கதைக்கு முதுகெலும்பே அதுதான். பவித்ரா, அந்தப் பத்தியில 'கணவன் ஆதிக்கம்'னு எதையும் சேர்த்துடாதே. ஆணும் பெண்ணும் ரெண்டு பேருமே செய்யறதாத்தான் மூலத்துல இருக்கு.

பவித்ரா: சேர்த்திருந்தேன் 🙈 எடுத்துடறேன்.

சாந்தி அக்கா: தண்ணி லாரி வந்தாச்சு, பி பிளாக் மோட்டார் போடுங்க.

முரளி: போட்டாச்சு அக்கா.

பவித்ரா: ஜன்னல் காட்சி நீளமா வருதே. மரத்து உச்சி, மழை வாசனை, தெருவுல கூவி விக்கிறவன், தூரத்துப் பாட்டு, குருவிங்க, மேகத்துக்கு நடுவுல நீலத் துண்டு. சுருக்கலாமா?

ராஜம் டீச்சர்: ஒண்ணையும் வெட்டாதே. சாவுச் செய்தி வந்த வீட்டுக்கு வெளிய எல்லாமே துளிர்க்குது. விடுதலைங்கிற சொல் வர்றதுக்கு முன்னாடியே அது ஜன்னல் வழியா உள்ள வந்துடுது. அடுத்து ஏதோ ஒண்ணு அவளை நோக்கி வருது, அவ பயந்துகிட்டே காத்திருக்கா. அது என்னன்னு ஆசிரியர் சொல்றதில்ல. அவ உதடு அந்தச் சொல்லைச் சொல்ற வரைக்கும் நீயும் 'அது'ன்னே வெச்சுக்கோ. அவசரப்பட்டு 'விடுதலை உணர்வு'ன்னு எழுதினா குட்டு உடைஞ்சிடும்.

பவித்ரா: அவ 'ஃப்ரீ, ஃப்ரீ, ஃப்ரீ'ன்னு மூணு தடவை முணுமுணுக்கிற இடத்துல 'சுதந்திரம்'னு போடலாமா?

முரளி: ஆகஸ்ட் 15 வாசனை அடிக்கும் 😄 விடுதலைன்னா ஜெயில் ஞாபகமும் கூடவே வரும். இங்க அது பொருந்துது.

ராஜம் டீச்சர்: முரளி சொல்றது சரி. இன்னொண்ணு, பேரு. புருஷன் பேரு ரெண்டாவது பத்தியிலயே முழுசா வந்துடுது. அவளோ ரொம்ப நேரம் மிசஸ் மல்லார்ட், இல்லன்னா வெறும் 'அவள்'. விடுதலைன்னு சொன்ன பிறகு, தங்கச்சி சாவித்துவாரத்துல வாயை வெச்சுக் கூப்பிடும்போதுதான் 'லூயிஸ்' வருது. வாசகருக்குப் புரியணும்னு முதல் வரியிலயே பேரைப் போட்டுடாதே.

முரளி: சாவி ரெண்டு தடவை வருது, கவனிச்சீங்களா? மேல தங்கச்சி குரல் சாவித்துவாரத்துல. கீழ புருஷன் தன் சாவியால வாசக்கதவைத் திறக்கிறான். அவ கதவை அவளாத்தான் திறக்கணும், இவனுக்கு யாரும் திறந்துவிட வேண்டியதில்ல.

செல்வம் மாமா: எழுதினவங்க வாழ்க்கையில நடந்ததா?

ராஜம் டீச்சர்: அப்பா 1855-ல மிசோரியில காஸ்கனேட் பாலம் இடிஞ்ச ரயில் விபத்துல போயிட்டார், அவங்களுக்கு அப்போ 5 வயசு. கணவர் 1882-ல இறந்தார். அவர் போன பிறகுதான் கதை எழுத வந்தாங்க. இந்தக் கதை 1894 டிசம்பர் 6 வோக் இதழ்ல 'ஒரு மணி நேரத்தின் கனவு'ங்கிற தலைப்புல வந்தது. அதுக்காக லூயிஸ்தான் ஷோப்பின்னு முடிச்சுப் போட வேண்டாம் மாமா.

பவித்ரா: முடிவுல 'அவனைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்'னு எழுதியிருக்கேன்.

ராஜம் டீச்சர்: அப்படி ஒரு வரியே மூலத்துல கிடையாது! ரிச்சர்ட்ஸ் அவனை மறைக்கப் பாய்றார், நேரம் கடந்துடுது. அடுத்தது டாக்டருங்க வந்துட்டாங்க. அவ விழறதை நமக்குக் காட்டுறதே இல்ல. சாவுக்குக் காரணம்னு நமக்குக் கிடைக்கிறது டாக்டர் வாக்கு ஒண்ணுதான், அதுவும் தப்பு.

பவித்ரா: டாக்டருங்க சொல்ற 'ஜாய் தட் கில்ஸ்'ங்கிற அந்த வாக்கை 'உயிரைக் குடிக்கும் ஆனந்தம்'னு...

ராஜம் டீச்சர்: பாட்டு மாதிரி இருக்கு. டாக்டர் பேச்சு சப்புன்னு இருக்கணும். அதோட மாடி ரூம்ல அவ தன் மகிழ்ச்சி கொடூரமானதான்னு கேட்டுக்காம விடற வரி இருக்கு. அங்க வர்ற அதே சொல்தான் இங்கயும். ரெண்டு இடத்துலயும் 'மகிழ்ச்சி'. அப்பத்தான் டாக்டருங்க சொல்லைச் சரியாப் பிடிச்சு, புருஷன் திரும்பி வந்த மகிழ்ச்சின்னு தப்பா மாட்டி விடறது தெரியும்.

பவித்ரா: 'மருத்துவர்கள் வந்தபோது, அவள் இதய நோயால் இறந்தாள் என்றார்கள். கொல்லும் மகிழ்ச்சியால்.'

ராஜம் டீச்சர்: 👍 நிறுத்திடு. அதுக்குக் கீழ ஒரு வரிகூட வேண்டாம்.

முரளி: எத்தனை பிரதி எடுக்கட்டும்?

சாந்தி அக்கா: பத்து. எழுத்து பெருசா இருக்கட்டும் தம்பி.